கரியில் ஓடிய பஸ்: டி. வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை

செஞ்சிக் கோட்டைக்கு அருகே மேல்சித்தாமூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர். அங்கே பார்சுவநாதர் கோவில் உண்டு. இன்று திண்டிவனத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் பஸ் ஏறி அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. ரயில் போகும் ஊருக்கு வசதி இருந்தது. ரயில் போகாத ஊருக்கு மாட்டு வண்டிதான் கதி. மாடு மணிக்கு இரண்டு மைல் நடக்கும். பதினைந்து மைல் போவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதில்தான். நிலக்கடலை மூட்டையைச் சந்தைக்கு ஏற்றிப் போவதும் அதில்தான்.

தமிழ்நாட்டின் ஆயிரக்கணக்கான ஊர்களில் இந்த நிலையை மாற்றியது பஸ். அந்தப் பஸ் தொழிலுக்கு இங்கே அடிக்கல் நாட்டியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைத் தெரியாத தமிழர் இல்லை. அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் இவரே.

உத்தியோகம் வேண்டாம்

திருநெல்வேலிச் சீமையில், மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. நம்பி கோவிலால் பெயர் பெற்ற ஊர். அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் ஐயங்கார் பிறந்தார்.

அந்தக் காலத்தில் படித்த பிராமணப் பிள்ளைகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று வக்கீல் தொழில். மற்றொன்று சர்க்கார் உத்தியோகம். சுந்தரம் ஐயங்காரும் முதலில் சட்டத் துறைக்குத்தான் போனார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதன்பின் பாங்கியில் வேலை பார்த்தார்.

மாதம் பிறந்தால் சம்பளம் வரும். ஊரில் மரியாதை உண்டு. ஆனாலும் அவருக்கு மனம் ஒட்டவில்லை. சொந்தமாகத் தொழில் செய்ய வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

1911-ல் தொழிலில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 34. மனைவி லட்சுமி அம்மாள், குழந்தைகள் என்று குடும்பமும் இருந்தது. நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு மோட்டாரை நம்புவதா என்று யாருக்கும் பயமாகத்தான் இருந்திருக்கும். அன்று மோட்டார் என்பது பெரும்பாலோர் கண்ணாலும் பார்க்காத பொருள்.

1912-ல் மதுரையில் அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. தென்னாட்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அதுவே தொடக்கம் என்று சொல்வார்கள்.

பஸ்ஸைப் பார்த்து மணி சொன்னார்கள்

அந்தக் காலத்துப் பஸ்களுக்கு நேரம் காலம் கிடையாது. ஆள் நிறைந்தால் புறப்படும். நிறையாவிட்டால் டிரைவர் டீக்கடையில் இருப்பார். காலையில் வருகிற பஸ் மத்தியானம் வந்தாலும் கேட்பார் இல்லை.

சுந்தரம் ஐயங்கார் இதை மாற்றினார். இத்தனை மணிக்கு என்றால் இத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் சரி, ஆளே இல்லாவிட்டாலும் சரி. டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்தில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

பஸ் நேரத்துக்குப் போக வேண்டுமானால் வழியில் டயர் வெடிக்கக்கூடாது. அன்றைய ரோட்டில் மாட்டு வண்டிகளே அதிகம். மாட்டின் லாடத்திலிருந்து ஆணிகள் கழன்று ரோட்டில் கிடக்கும். அவை டயரில் குத்திவிடும். இதற்காகக் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ரோட்டில் ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கி எடுக்கச் செய்தார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி.

தொழில் வளர்ந்தது. மகன்களும் துணைக்கு வந்தார்கள். டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் என்று கம்பெனிக்குப் பெயர் வந்தது. பஸ்களும் லாரிகளும் சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் ஓடின. மோட்டார் விற்கவும், உதிரிப் பாகங்கள் விற்கவும் தனித்தனிக் கம்பெனிகள் எழுந்தன.

பெட்ரோலுக்கு வந்த பஞ்சம்

1939-ல் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. யுத்தத்துக்குப் பெட்ரோல் தேவை. விமானம், டாங்கி, ராணுவ லாரி எல்லாம் பெட்ரோலைக் குடித்தன. 1941-ல் இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. கூப்பன் இருந்தால்தான் பெட்ரோல் கிடைக்கும்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிய இடி விழுந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து வந்த எண்ணெய் நின்றது. மலேயாவிலிருந்து வந்த ரப்பரும் நின்றது. பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. இரண்டும் இல்லாமல் பஸ் எப்படி ஓடும்?

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது வயது 65. வேண்டிய பணம் இருந்தது. தொழிலைக் கவனிக்கப் பிள்ளைகள் இருந்தார்கள். யுத்தம் முடிகிற வரையில் பஸ்களை ஷெட்டில் பூட்டி வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆனால் பஸ் நின்றால் யாருக்கு நஷ்டம்? முதலாளிக்கு மட்டுமா? டிரைவர், கண்டக்டர், கிளீனர், பட்டறை ஆட்கள் எல்லோருடைய வீட்டு அடுப்பும் அணைந்துவிடும். பஸ்ஸை நம்பிய ஊர்கள் மறுபடியும் மாட்டு வண்டிக் காலத்துக்குப் போய்விடும்.

அவர் பஸ்ஸை நிறுத்தவில்லை. அதற்கு வேறு தீனி தேடினார். அந்தத் தீனி கரி! சமையல் அடுப்பில் போடும் அதே மரக் கரி!

கரி எப்படி வண்டி இழுக்கும்?

கரியை வைத்து மோட்டார் ஓட்டுவது ஐரோப்பாவில் முன்பே தெரிந்த வித்தைதான். யுத்த காலத்தில் அங்கே லட்சக்கணக்கான வண்டிகள் விறகாலும் கரியாலும் ஓடின. சுந்தரம் ஐயங்கார் நம் நாட்டிலேயே அந்தச் சாதனத்தை வடிவமைத்துத் தயாரித்தார். அதற்கு டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று பெயர்.

கேஸ் பிளான்ட் வேலை செய்யும் விதம் இதுதான். பஸ்ஸின் பின்னால் இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைப்பார்கள். நிறையக் காற்று விட்டால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். ஆகையால் கொஞ்சமாகத்தான் காற்று விடுவார்கள். அப்போது கரி முழுதும் எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். அது தீப்பற்றக்கூடிய வாயு.

அந்த வாயு சூடாக இருக்கும். சாம்பல் தூளும் கலந்திருக்கும். தூள் எஞ்சினுக்குள் போனால் சிலிண்டரை அராவிவிடும். அதனால் வாயுவை வடிகட்டி, குழாய்களில் ஆற விட்டு, பிறகு எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். ஒரு காலன் பெட்ரோல் செய்கிற வேலைக்கு ஏறக்குறைய ஆறு, ஏழு கிலோ கரி வேண்டும்.

காலையில் கிளீனர்தான் முதலில் வருவார். கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, கையால் சுற்றும் விசிறியைச் சுற்றிக்கொண்டே நிற்பார். உடம்பெல்லாம் கரியாகிவிடும். நெருப்பு நன்றாகப் பிடித்து, நல்ல வாயு வந்த பிறகுதான் பஸ் புறப்படும்.

இந்த வாயுவில் ஓர் ஆபத்தும் உண்டு. அது விஷம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூட்டிய ஷெட்டுக்குள் பிளான்டை எரியவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். குளிர் காலத்தில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு தூங்கக்கூடாது என்று இன்றும் டாக்டர்கள் சொல்வது இதே வாயுவுக்குப் பயந்துதான்.

ஒரே எஞ்சின், இரண்டு தீனி

கரி வாயு வந்துவிட்டால் போதுமா? போதாது. பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சின் கரி வாயுவைக் கொடுத்தவுடன் ஒழுங்காக ஓடிவிடாது.

பெட்ரோல் ஆவியில் சக்தி அதிகம். கரி வாயுவில் சக்தி குறைவு. காற்றிலிருந்து வந்த நைட்ரஜன் அதில் பாதிக்கு மேல் இருக்கிறது. நைட்ரஜன் எரியாது. ஆகவே பெட்ரோலில் பத்துக் குதிரை இழுத்த வண்டியை, கரி வாயுவில் ஆறு குதிரைதான் இழுக்கும் என்று சொல்லலாம். சமவெளியில் பஸ் போய்விடும். மேடு வந்தால் திணறும். பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டி வரும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கரி வாயு மெதுவாக எரியும். எஞ்சினுக்குள் மின்சாரப் பொறி விழுந்துதான் வாயு பற்றுகிறது. மெதுவாக எரிகிற வாயுவுக்குப் பொறியைச் சற்று முன்னதாகவே கொடுக்க வேண்டும். பெட்ரோலுக்கு அவ்வளவு முன்னதாகக் கொடுத்தால் எஞ்சின் டக் டக் என்று இடிக்கும். இடித்துக்கொண்டே ஓடினால் பிஸ்டன் கெட்டுப் போகும்.

பிஸ்டன் வாயுவை எவ்வளவு நெருக்குகிறது என்பதும் முக்கியம். கரி வாயு பெட்ரோலை விட அதிக நெருக்கலைத் தாங்கும். அதிகமாக நெருக்கினால் கொஞ்சம் கூடுதல் சக்தியும் கிடைக்கும். ஆனால் அப்படி எஞ்சினை மாற்றிவிட்டால், நாளைக்குப் பெட்ரோல் கிடைக்கும்போது அதை ஊற்ற முடியாது. அன்றைய மட்டமான பெட்ரோல் அந்த நெருக்கலைத் தாங்காது.

முழுக்கக் கரிக்கு மாறினால் பெட்ரோலுக்குத் திரும்ப முடியாது. பெட்ரோல் எஞ்சினாகவே வைத்துக்கொண்டால் கரியில் பலம் குறையும். இதுதான் சங்கடம். பெட்ரோல் அடியோடு நின்றுவிடவில்லை. கூப்பனுக்குக் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆகவே எஞ்சினைப் பிரித்து மாற்றாமல் இரண்டிலும் ஓட்டுவதே பலருக்கு உகந்த வழியாக இருந்தது. கிளப்பும்போது சிறிது பெட்ரோல். எஞ்சின் சூடான பிறகு வால்வைத் திருப்பிக் கரி வாயு. காற்று எவ்வளவு, வாயு எவ்வளவு என்று டிரைவர் கையாலேயே கூட்டிக் குறைப்பார். பொறி விழும் நேரத்தையும் சரி செய்துகொள்வார். எஞ்சினின் சத்தமே அவருக்கு வாத்தியார்.

இன்று மோட்டார் பந்தயக்காரர்கள் இதே வித்தையைத்தான் வேறு விதமாகச் செய்கிறார்கள். தெருவில் கிடைக்கும் பெட்ரோலுக்கு எஞ்சினில் ஒரு கணக்கு. பந்தயத்துக்கென்று வரும் உயர்ந்த எரிபொருளுக்கு இன்னொரு கணக்கு. பொத்தானை அழுத்தினால் வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடுகிறது. அவர்கள் வேகத்துக்காக மாற்றுகிறார்கள். அன்று நம் டிரைவர்கள் பஸ் நிற்காமல் இருப்பதற்காக மாற்றினார்கள்.

பழைய டயருக்குப் புது உயிர்

டயர் பஞ்சத்துக்கும் சுந்தரம் ஐயங்காரிடம் பதில் இருந்தது. தேய்ந்த டயரின் மேல் புது ரப்பரை ஒட்டி, சூட்டில் பதப்படுத்தி மறுபடியும் ஓட்டலாம். இதற்கு ரீட்ரெடிங் என்று பெயர். அதற்கென ரப்பர்த் தொழிற்சாலையும் ஏற்படுத்தினார். தூக்கி எறிய வேண்டிய டயர் இன்னும் பல ஆயிரம் மைல் ஓடியது. சிக்கனம் என்றால் செலவை நிறுத்துவது அல்ல, இருப்பதை வீணாக்காமல் வேலை வாங்குவது என்பதை அந்தத் தொழிற்சாலை காட்டியது.

மகளுக்குக் கொடுத்த படிப்பு

தொழிலில் புதுமை செய்தவர் வீட்டிலும் ஒரு துணிச்சலைக் காட்டினார். அவருடைய மகள் சௌந்தரம் 1904-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அந்தக் காலத்து வழக்கப்படி அந்தப் பெண்ணை மூலையில் உட்கார வைத்திருப்பார்கள்.

பெற்றோர் அப்படிச் செய்யவில்லை. படிக்க வைத்தார்கள். சௌந்தரம் டில்லிக்குப் போய் மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். காந்தியடிகளின் தொண்டரான ஜி. ராமச்சந்திரனை 1940-ல் மணந்தார். இருவரும் 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு அந்த இடம் மருத்துவமும் கல்வியும் கொடுத்தது. பின்னாளில் சௌந்தரம் மத்திய அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார்.

கடைசி நாட்கள்

யுத்தம் முடிந்தது. பெட்ரோல் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. பின்னர் டீசல் எஞ்சின் வந்தது. கரி உருளைகளைக் கழற்றிப் போட்டார்கள். கிளீனரின் விசிறியும் பழைய இரும்புக் கடைக்குப் போயிற்று.

சுந்தரம் ஐயங்கார் பொறுப்புகளை மகன்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கினார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். அவருக்கு வயது 78.

அவர் ஓட்டிய பஸ்கள் 1970-களில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கைக்கு மாறின. அவர் பெயரிலுள்ள கம்பெனிகள் மோட்டார் பாகங்களும் இருசக்கர வண்டிகளும் செய்து, உலகமெங்கும் விற்கின்றன.

கரி பஸ் மெதுவாகப் போயிற்று. புகைந்தது, மேட்டில் நின்றது, ஏறினவர்களின் வெள்ளை வேட்டியைக் கறுப்பாக்கியது. ஆனாலும் அது வந்தது. பெட்ரோல் இல்லாத நாட்களில், ரயில் போகாத ஊரில் காத்துக்கொண்டிருந்த ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் அது வந்து சேர்ந்ததே பெரிய காரியம். நல்ல காலத்தில் தொழில் நடத்துவது எளிது. கெட்ட காலத்திலும் சொன்ன சொல்லுக்காக வண்டியை ஓட்டியதால்தான் சுந்தரம் ஐயங்காரின் பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது.