மானிப்பாய் வைத்திய ஆசான் சாமுவேல் கிறீன்

மூளை, முண்ணாண், நரம்பு என்பவற்றின் அமைப்பையும் தொழிலையும் மேனாட்டு முறைப்படி தமிழ் மாணவர் தமிழிலேயே கற்க வழிவகுத்த பெரியார் ஒருவர் நம் குடாநாட்டில் வாழ்ந்தார். அவரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

அமெரிக்க நாட்டு மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்னும் ஊரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். மறு ஆண்டு மானிப்பாயைத் தமக்கு இருப்பிடமாக்கி, நோயாளரைப் பராமரித்ததோடு இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பும் தொடங்கினார். மருத்துவசாலையே அவர்தம் மாணவர்க்குக் கல்விக்கூடமாயிற்று.

தொடக்கத்தில் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெற்றது. ஆங்கிலத்தில் தேறியோர் உத்தியோகம் நாடி வெளியூர் செல்ல, கிராமத்து ஏழை நோயாளர் கைவிடப்படுவதைக் கிறீன் கண்டார். தமிழில் கற்றவரே தமிழரிடை தங்குவர் எனத் துணிந்தார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்ட அவர், 1864இல் தமிழ்மொழி மூலம் மருத்துவ வகுப்பை ஆரம்பித்தார். ஆங்கிலக் கல்வியே உயர்வுக்கு ஏணி என்ற எண்ணம் வேரூன்றிய அக்காலத்தில் இஃது எளிய செயலன்று.

வகுப்பு வேண்டின் நூல் வேண்டும்; நூல் வேண்டின் சொல் வேண்டும். உடலமைப்பை அங்காதிபாதம் என்றும் உடற்றொழிலைச் சுகரணம் என்றும் வழங்கினர். வடமொழியிலும் தமிழிலும் ஏற்ற சொல் கிட்டாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இயைய அமைத்தனர். இரசாயன நூல் 'கெமிஸ்தம்' எனப் பெயர் பெற்றமை இதற்குச் சான்று. கற்றர் என்பாரின் உடலியல் நூல் 1852இல் தமிழில் வெளிவந்தது. மாணாக்கரும் இப்பணியில் ஆசானுக்குத் தோள்கொடுத்தனர். சாப்மன் மொழிபெயர்த்த மனுஷ அங்காதிபாதம் 1872இலும், சுவாமிநாதன் மொழிபெயர்த்த கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் காலமானார். அவர் பயிற்றிய வைத்தியர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

கிறீன் சமயம் பரப்ப வந்தவர் என்பது உண்மையே. எனினும் அவர் தமிழுக்குச் செய்த தொண்டைப் போற்றுதல் எச்சமயத்தார்க்கும் கடனாகும். பின்னாளில் மருத்துவக் கல்வி ஆங்கிலத்திற்கே மீண்டது. 1978இல் தோன்றிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கத் தொடங்கியது.

இன்று மூளையாராய்ச்சிக் கூடங்களில் இழையங்களைச் சீவிச் சாயமூட்டித் தெளிவாக்கித் தரும் பணியாளரின் கைத்திறனின்றிப் பேராசிரியர் காண்பதற்கு ஒன்றுமில்லை. அப்பணியை நாடும் நம் மாணவர், தாம் கையாளும் ஒவ்வோர் உறுப்பையும் தமிழிற் சொல்லவும் எழுதவும் வல்லவராதல் வேண்டும். மானிப்பாயில் கிறீனின் பெயர் தாங்கி நிற்கும் மருத்துவசாலை அக்கடமையை நமக்கு நினைவூட்டுவதாக.