துறைமுக எழுத்தரின் கணக்கு

கிள்ளான் துறைமுகத்தைப் போலவே சென்னைத் துறைமுகத்திலும் கப்பல் வரவு, கட்டணம் எனக் கணக்கு வேலைக்குக் குறைவில்லை. 1912இல் அங்கே மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார் ஓர் இளைஞர். ஓய்வு கிடைத்தால் அவர் மனம் வேறு கணக்குகளை நாடும். அவர்தாம் சீனிவாச இராமானுஜன்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர், கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கு எழுதியவர். கணிதத்திலேயே மூழ்கியதால் இராமானுஜன் பிற பாடங்களில் தோல்வியுற்றார். கல்லூரிப் படிப்பும் நின்றது. காகிதம் விலை மிகுந்தது என்பதால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். வழிமுறை காட்டாத அந்த விடைகளைப் பலரால் நம்ப இயலவில்லை.

1, 2, 3 என எண்களை முடிவின்றிக் கூட்டினால் தொகை பெருகிக்கொண்டே போகும். இராமானுஜனோ தம் முறைப்படி அதன் மதிப்பு கழித்தல் 1/12 என்றார். இது சந்தைக்கடைக் கூட்டல் அன்று. முடிவிலியாகப் பெருகும் பகுதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சுவதைக் காணும் முறை. இலண்டன் பேராசிரியர் ஹில், இத்தகைய தொடர்களில் இராமானுஜன் தவறிவிட்டதாகவே கருதினார். தம்மைப் பைத்தியம் என எண்ணக்கூடும் என்று அறிந்திருந்தும், 1913இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு இதைத் துணிந்து எழுதினார். ஹார்டி அவரது திறனை உணர்ந்தார். 1914இல் இங்கிலாந்துப் பயணம், 1918இல் அரச கழக உறுப்பியம், கடும் நோய், 1919இல் தாயகம் திரும்புதல் என ஆண்டுகள் விரைந்தன. 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில் மறைந்தார்.

1948இல் டச்சு இயற்பியலாளர் கசிமிர் ஒரு புதுமையைக் கணித்தார். வெற்றிடத்திலும் ஆற்றல் உண்டு. அதனால் மிக நெருக்கமாக எதிரெதிரே வைத்த இரு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்றார். இந்த ஆற்றலைக் கணக்கிடும்போது 1, 8, 27 என்னும் கன எண்களின் முடிவிலாக் கூட்டல் வருகிறது. இராமானுஜன் முறையில் அதன் மதிப்பு 1/120. கசிமிர் வேறு வழியில் சென்றார், விடை ஒன்றே.

அளப்பதுதான் அரிதாக இருந்தது. தகடுகளுக்கிடையே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குரிய விசை சில அரிசிமணிகளின் எடை அளவே. 1997இல்தான் அமெரிக்க இயற்பியலாளர் லாமரோ அதைத் துல்லியமாக அளந்தார்.

ஆயினும், தகடுகள் காட்டுவது ஆற்றலின் வேறுபாட்டை மட்டுமே. மொத்த ஆற்றலை அறிய, அண்டம் விரியும் வேகத்தைப் பார்க்க வேண்டும். அந்த விரிவு வேகமடைவதை 1998இல் வானியலாளர்கள் கண்டனர். 1917இல் ஐன்ஸ்டைன் சேர்த்துப் பின்னர்க் கைவிட்ட அண்டவியல் மாறிலி மீண்டும் உயிர்பெற்றது. தகடுகளின் கணக்கில் ஒதுக்க முடிந்த பகுதியை ஈர்ப்புவிசையின் கணக்கில் ஒதுக்க வழியில்லை. அங்கே ஏட்டில் கணக்கிட்ட மதிப்பு, வானில் அளந்த மதிப்பைவிட, 1ஐ அடுத்து ஏறத்தாழ 120 சுழியங்கள் இட்ட எண்ணின் மடங்காக நிற்கிறது.