லிப்டன் துரையின் பேர்

நான் பிறந்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில். 1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் குடும்பம் பதுளையை விட்டு வவுனியாப் பக்கம் போனது. அங்கிருந்து வன்னி, கடைசியில் செட்டிக்குளம் முகாம். நிவாரணத் தேயிலையை முகர்ந்து பார்த்து, இது வெறும் டஸ்ட் என்று முகம் சுளிப்பார் அம்மா. கொழுந்தெடுத்த கையல்லவா.

அண்மையில் அம்மாவை அப்புத்தளைக்கு மேலே, தம்பேதன்ன தோட்டத்தின் உச்சியிலுள்ள லிப்டன் சீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஸ்பிரிங்வெளி லிப்டனின் தோட்டமல்ல. ஆனால் ஊவாத் தேயிலையை உலகம் அறிந்ததில் அந்த மனிதருக்குப் பெரிய பங்குண்டு.

தோமஸ் லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்தின் பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடி வந்தவர்கள். எங்கள் முன்னோரையும் பஞ்சம்தான் கப்பலேற்றியது. இளவயதிலேயே அமெரிக்கா போன லிப்டன், வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும் தென் கரோலினாவில் நெல்வயலிலும் கூலிவேலை செய்தார். பிறகு நியூயோர்க்கில் ஒரு கடையில் வியாபாரம் கற்றார். 1871இல் கிளாஸ்கோவில் சொந்தக் கடை. இராட்சதப் பாலாடைக்கட்டிக்குள் தங்க நாணயங்களை வைத்து விற்றுக் கூட்டம் சேர்த்தவர் அவர். கடைகள் நூற்றுக்கணக்காகப் பெருகின.

1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பியை இலைநோய் அழித்திருந்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இலேயே முறிந்துவிட்டது. காணி மலிவாகக் கிடந்தது. இன்றைய முதலீட்டு நிறுவனங்கள் செய்வதும் இதுதான்: விழுந்து கிடப்பதை வாங்கு, செலவைக் குறை, பெயரை ஏற்று. தம்பேதன்ன உட்படச் சில தோட்டங்களை வாங்கிய லிப்டன், இடைத்தரகர்களை விலக்கினார். தேயிலையை நிறுத்துப் பொதியிட்டு, தன் பெயரை அச்சிட்டு, சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார். கெட்டிக்காரர்தான், மறுக்க முடியாது. ஆனால் தரகர்களை விலக்கத் தெரிந்தவரின் காலத்தில் தோட்டத்துக் கங்காணியும் கடனும் விலகவில்லை. தொழிலாளியைக் கடனோடு கட்டிவைத்த துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. ஒருகாலம் தானே கூலியாக நின்ற மனிதர் இதைப் பார்க்கவில்லையா என்பதுதான் எனக்கு ஆறாத கேள்வி.

1898இல் நிறுவனத்தின் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார். அதே ஆண்டில் சேர் பட்டம். அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் போட்டியில் ஐந்து முறை தோற்றும் புகழ் வளர்ந்தது. திருமணம் செய்யவில்லை. 1931 ஒக்டோபரில் இறந்தபோது, சொத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவின் ஏழைகளுக்கு எழுதி வைத்திருந்தார். அவருடைய மலையில் வேலை செய்தவர்களுக்கு 1948இல் குடியுரிமையும் பறிபோனது.

தோட்டங்களை 1970களில் அரசு எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் தனியே பயணம் செய்து யூனிலீவருக்குப் போனது. அதையும் வேறு தேயிலைப் பெயர்களையும் சேர்த்து 2022இல் சீவீசீ என்ற தனியார் முதலீட்டு நிறுவனம் 450 கோடி யூரோவுக்கு வாங்கியது.

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கும் பேர் என்றுதான் சொல்வார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்.

உச்சியில் லிப்டனின் சிலையோடு எல்லோரும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கீழே மலையில் நின்ற ஒரு பிள்ளையிடம், முழுப் பேருக்கு இப்போது எத்தனை கிலோ என்று விசாரித்தார். அந்தப் பிள்ளை சொன்ன கணக்கு, அம்மாவின் காலத்தைவிடக் கூட.