தோல்விக்குப் பின்னும் தொண்டு: சர் ஆர். கே. சண்முகம் செட்டியார்

தேர்தல் என்றால் வென்றவர் கழுத்தில் விழும் மாலைதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. பதவியில் இருந்துகொண்டே மீண்டும் வாக்குக் கேட்டுத் தோற்றவர் மறுநாள் முதல் என்ன செய்தார் என்று எவரும் கேட்பதில்லை. கோவை மண் ஈன்றெடுத்த சர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் வாழ்வு அக்கேள்விக்கு விடை கூறுகிறது. சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் என்று பொது அறிவுத் தேர்வுக்காக அவர் பெயரை நாம் மனப்பாடம் செய்திருக்கிறோம். அப்பதவிக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ட தோல்வியை அறிந்தோர் சிலரே.

1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் கோவையில் வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். 1917இல் கோவை நகராட்சி உறுப்பினராகிப் பின்னர் துணைத் தலைவராக உயர்ந்தார். 1920இல் சென்னைச் சட்டமன்றம் புகுந்தார். அதன்பின் சுயராஜ்யக் கட்சியில் சேர்ந்து, டில்லியிலிருந்த மத்திய சட்டசபைக்குச் சென்றார். அங்கே அக்கட்சியின் தலைமைக் கொறடாவாகவும் பணியாற்றினார். சேலம், கோவை, வடஆர்க்காடு மாவட்டங்கள் சேர்ந்த தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது.

அவையில் அவருடைய வளர்ச்சி வியப்புக்குரியது. 1931இல் துணைத் தலைவர், 1933இல் தலைவர். இன்று மக்களவையில் சபாநாயகர் அமரும் இடத்திற்கு ஒப்பானது அப்பதவி. நொய்யல் கரையில் பிறந்த ஒருவர் நாற்பது வயதில் அந்நாற்காலியில் அமர்ந்தார் என்பது கொங்கு நாட்டுக்கே பெருமையன்றோ!

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1930ஆம் ஆண்டுத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணித்திருந்தது. 1934இல் சட்டமறுப்பு இயக்கத்தை நிறுத்திவிட்டு அது தேர்தல் களத்தில் இறங்கியது. இதற்கிடையில், 1932இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த பேரரசுப் பொருளாதார மாநாட்டுக்குச் சென்ற இந்தியப் பிரதிநிதிகளுள் சண்முகம் செட்டியாரும் ஒருவர். பிரிட்டிஷ் பொருள்களுக்கு இந்தியாவில் இறக்குமதி வரிச் சலுகையும், இந்தியப் பொருள்களுக்குப் பிரிட்டனில் சலுகையும் அளிப்பது அங்கே ஏற்பட்ட ஒப்பந்தம். நம் தொழிலை இது நசுக்கும் என்று தேசிய இயக்கத்தார் கடுமையாக எதிர்த்தனர். அந்தக் கோபம் தேர்தல் வரை அவரைத் தொடர்ந்தது.

1934 தேர்தலில் அவர் சென்னை மாகாண இந்திய வணிகர் தொகுதியில் நின்றார். அவைத் தலைவரை எதிர்த்துப் பெரிய கட்சிகள் போட்டியிடாமல் விடுவது பிரிட்டனில் பொதுவான மரபு. இங்கே அம்மரபு அவரைக் காக்கவில்லை. காங்கிரசின் சாமி வேங்கடாசலம் செட்டியார் அவரைத் தோற்கடித்தார். சென்னை நகரில் சர் ஏ. இராமசாமி முதலியாரைச் சத்தியமூர்த்தி வென்றார். சண்முகம் செட்டியாரின் பழைய தொகுதியிலோ திருப்பூர் அவினாசிலிங்கம் செட்டியார் வெற்றி பெற்றார்.

அன்று பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் இத்தேர்தலுக்கு வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 14 லட்சம் பேர்தாம். சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்கு. பிறர் தோட்டத்துக் கிணற்றில் கவலை ஓட்டிய என் பூட்டனைப் போன்றோருக்கு அதில் இடமில்லை. அவ்வளவு சிறிய வாக்காளர் கூட்டம்கூட, அவையின் உச்சியில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது! வாக்குச்சீட்டின் வலிமை அது.

தோற்றவர் சோர்ந்து அமர்ந்தாரா? இல்லை. 1935இல் கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பொறுப்பேற்று 1941 வரை அப்பணியில் இருந்தார். கொச்சித் துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது அவர் காலத்தில்தான். எர்ணாகுளத்தில் சண்முகம் சாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. 1938இல் கொச்சி அரசமைப்புச் சட்டத்தின்படி, ஆட்சியின் ஒரு பகுதி சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் வாக்கால் வீழ்ந்தவர் நடத்திய நிர்வாகத்திலேயே மக்கள் வாக்குக்கு மதிப்புக் கூடியது. இதைவிடப் பெருந்தன்மை வேறென்ன?

1944இல் அமெரிக்காவின் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியாவின் பிரதிநிதிகளுள் ஒருவராகக் கலந்துகொண்டார். உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் உருவாக வழிவகுத்த மாநாடு அது. நிதியும் வணிகமும் மட்டுமே அவர் உலகம் என்று எண்ணிவிடக் கூடாது. தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றார். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரை வரைந்தார்.

1947இல் நேரு அமைச்சரவை அமைந்தபோது, காங்கிரசில் இல்லாத அம்பேத்கர், சியாமா பிரசாத் முகர்ஜி ஆகியோருடன் இவரும் அழைக்கப்பட்டார். எந்தக் கட்சி இவரைத் தோற்கடித்ததோ, அதே கட்சியின் அரசு கருவூலத்தின் சாவியை இவரிடம் தந்தது. நவம்பர் 26இல் சுதந்திர நாட்டின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். ஏழரை மாதங்களுக்கான அத்திட்டத்தில் வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. பிரிவினையால் நாடு புண்பட்டிருந்த வேளை அது. பாதுகாப்புக்கு மட்டும் 92.74 கோடி ஒதுக்க வேண்டியிருந்தது.

அப்பதவியும் நிலைக்கவில்லை. வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டது குறித்து எழுந்த சர்ச்சையில் 1948 ஆகஸ்டில் விலகினார். அவர் வாழ்வைப் போற்றும் நாம் இதை மறைப்பது முறையன்று. மக்கள் பணத்தைக் காப்பவர் மக்கள் கேள்விக்கு உட்பட்டவரே.

எனினும் அவர் மீண்டும் மக்களிடமே சென்றார். 1952இல் சுயேச்சையாக நின்று சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் பொதுத்தேர்தல் அது. கவலை ஓட்டியவரும் ஆலைத் தொழிலாளியும் வாக்களித்த தேர்தல்! மறு ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! பதவியில் இருப்பவரை மீண்டும் அனுப்புவதும் மாற்றுவதும் வாக்காளர் உரிமை. அத்தீர்ப்பை ஏற்று, கற்ற கல்வியை வேறிடத்தில் பயன்படுத்துவது தோற்றவரின் கடமை. நாளை நம்மில் பலர் முதன்முறையாக வாக்களிக்கப் போகிறோம். சிலர் வாக்குக் கேட்டும் நிற்கக்கூடும். இரு சாராருக்கும் சண்முகம் செட்டியாரின் வாழ்வில் பாடம் உண்டு. நாற்காலி பிறர் தருவது. அறிவும் உழைப்பும் நம்முடையவை!