உத்தியோகத்தை உதறியவருக்கு நோபல் பரிசு!

1963-ம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ரீடராக இருந்த விஞ்ஞானி ஒருவர் தம் வேலையை ராஜினாமா செய்தார். வயிற்றுப்புண் அவரை வாட்டியது. அவர் சொன்ன புதிய கொள்கையை மற்ற விஞ்ஞானிகள் யாரும் பொருட்படுத்தவும் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் பகுதிக்குப் போய், பாதி இடிந்து கிடந்த பழைய மாளிகை ஒன்றைப் பழுதுபார்ப்பதில் இரண்டு ஆண்டுகளைச் செலவிட்டார். சரியாக 15 ஆண்டுகளுக்குப் பின், 1978-ல், இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பங்காளி யாரும் இல்லை. முழுப் பரிசும் அவர் ஒருவருக்கே.

அவர் பெயர் பீட்டர் மிட்செல்.

1920 செப்டம்பர் 29-ந் தேதி இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து மிட்சம் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். பையன் படிப்பில் சூரன் என்று சொல்ல முடியாது. கேம்பிரிட்ஜில் சேர எழுதிய பரீட்சையில் மார்க் போதவில்லை. பள்ளித் தலைமை ஆசிரியர் கைப்பட எழுதிய சிபாரிசுக் கடிதத்தின் பேரில்தான் ஜீசஸ் கல்லூரியில் இடம் கிடைத்தது. அங்கும் முதல் பகுதித் தேர்வில் மூன்றாம் வகுப்புதான். 1942-ல் தொடங்கிய ஆராய்ச்சிக்கு டாக்டர் பட்டம் வந்தது 1951-ல். பரீட்சைத் தாளை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் இந்த வருடக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

வாசலில் நிற்கும் புரதம்

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. கொழுப்பினால் ஆன சவ்வு ஆகையால் உப்பும் சர்க்கரையும் தாமாக அதைத் தாண்டிப் போக முடியாது. அவை உள்ளே போகவும் வெளியே வரவும் சவ்வில் ஆங்காங்கே புரதங்கள் பதிந்துள்ளன. எதை விடுவது, எதை நிறுத்துவது என்று பார்க்கும் வாயிற்காவலர் என்று அவற்றைச் சொல்லலாம்.

மிட்செல் முதலில் ஆராய்ந்தது பாக்டீரியாக்களின் இந்த வாசல்களைத்தான். பாஸ்பேட் என்ற பொருள் எப்படி உள்ளே போகிறது என்று அளந்து பார்த்தார். இரண்டு பொருள்கள் ஒரே திசையில் கைகோத்துப் போனால் அதற்கு சிம்போர்ட் என்று பெயர். ஒன்று உள்ளே போக மற்றது வெளியே வந்தால் ஆன்டிபோர்ட். இந்தப் பெயர்களைச் சூட்டியவர் அவரே.

இது வெறும் பெயர் விவகாரம் அல்ல. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்கிறார்கள் அல்லவா? குடலில் உள்ள ஒரு சிம்போர்ட் புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே இழுக்கிறது. தண்ணீர் பின்னாலேயே போகிறது. இதைக் கண்டு சொன்னவர் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர், ஆண்டு 1960. 1971-ல் மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா கண்டவர்களை டாக்டர் திலீப் மகலனாபிஸ் காப்பாற்றியது இப்படிப்பட்ட நீரைக் கொடுத்துத்தான்.

அணைக்கட்டு போல

அந்த நாளில் விஞ்ஞானிகளைக் குழப்பிய பெரிய கேள்வி ஒன்று இருந்தது. நாம் சாப்பிடும் சாப்பாடும் சுவாசிக்கும் காற்றும் சேர்ந்து தரும் சக்தியில் ஏ.டி.பி. என்ற பொருள் உண்டாகிறது. தசை அசைவது, மூளை வேலை செய்வது எல்லாம் அதன் பலத்தில்தான். ஒரு மனிதன் ஒரு நாளில் ஏறத்தாழத் தன் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை உண்டாக்கிச் செலவழிக்கிறான். இது எப்படி உண்டாகிறது? நடுவில் ஏதோ ஓர் இரசாயனப் பொருள் இருக்க வேண்டும் என்று நம்பி, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் அதைத் தேடின. ஆண்டுகள் ஓடினவே தவிர, அகப்படவில்லை.

1961-ல் மிட்செல் ஒரு கட்டுரை எழுதினார். அப்படி ஒரு பொருளே கிடையாது என்பது அவர் வாதம். மேட்டூரில் என்ன செய்கிறார்கள்? தண்ணீரை ஓர் பக்கம் தேக்கி, அது பாய்ந்து வரும் வேகத்தில் மின்சாரம் எடுக்கிறார்கள். உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதையே செய்கிறது. சவ்வில் உள்ள புரதங்கள் புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே இறைத்துத் தேக்குகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் வழியில் உள்ள இன்னொரு புரதம் ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது.

டி.என்.பி. என்ற மருந்தின் மர்மமும் இதனால் விளங்கியது. 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்க அதை விழுங்கியவர்களில் சிலர் உடல் கொதித்து இறந்தார்கள். அணையில் ஓட்டை போடுவது போல அது புரோட்டான்களைச் சவ்வின் வழியே ஒழுக விடுகிறது. சக்தி ஏ.டி.பி. ஆகாமல் வெறும் சூடாகப் போய்விடுகிறது.

கட்டுரை வெளியானதும் ஏளனம்தான் மிஞ்சியது.

ராஜினாமாவுக்குப் பிறகு பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நம்மைப் போன்றவர்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் அடுத்த மாத வாடகைக்கே திண்டாட்டம். மிட்செலின் சிற்றப்பா விம்பி என்ற பெரிய கட்டட நிறுவனத்தின் அதிபர். அந்தக் குடும்பச் சொத்திலிருந்து மிட்செலும் அவர் சகோதரரும் சுமார் இரண்டரை லட்சம் பவுன் போட்டு, கிளின் ஹவுஸ் என்ற அந்த மாளிகையில் சொந்த ஆய்வுக்கூடம் அமைத்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான்.

அவரோடு கிளம்பி வந்தவர் ஜெனிஃபர் மாயில் என்ற பெண்மணி. கேம்பிரிட்ஜ் நாளிலிருந்தே கூட வேலை செய்தவர். பிராணவாயு இல்லாத கரைசலில் எலியின் ஈரல் மைட்டோகாண்ட்ரியாவை வைத்து, துளி பிராணவாயுவைச் செலுத்தினார்கள். உடனே வெளிக் கரைசலில் அமிலம் ஏறியது; அதாவது புரோட்டான் வெளியே வந்தது. கொள்கை மிட்செலுடையது, அதை மானியாக நின்று காட்டிய கை பெரும்பாலும் மாயிலுடையது.

1966-ல் அமெரிக்காவின் ஜேகன்டார்ஃப் இலையின் பச்சையத் துணுக்குகளை அமிலத்தில் ஊறவைத்துக் காரத்தில் போட்டார். வெளிச்சமே இல்லாமல் ஏ.டி.பி. உண்டாயிற்று. 1974-ல் ராக்கரும் ஸ்டோக்கீனியஸும் ஒரு பாக்டீரியாவின் புரோட்டான் பம்பையும் மாட்டு இதயத்துப் புரதத்தையும் செயற்கைக் கொழுப்புக் குமிழியில் வைத்து, விளக்கைப் போட்டதும் ஏ.டி.பி. எடுத்துக் காட்டினார்கள். அதன்பின் எதிர்ப்புக் குரல் அடங்கியது.

எல்லாவற்றிலும் மிட்செல் ஜெயித்தார் என்று சொல்வதற்கில்லை. சுவாசச் சங்கிலியின் கடைசிப் புரதம் புரோட்டானை இறைப்பதில்லை என்று அவர் நெடுநாள் வாதாடினார். பின்லாந்தின் விக்ஸ்ட்ராம் இறைக்கிறது என்றார். 1980-களின் நடுவில் மிட்செல் ஒப்புக்கொண்டார். ஏ.டி.பி.யை உண்டாக்கும் புரதம் வேலை செய்யும் விதத்திலும் பாயர் சொன்னதே சரியாயிற்று. அதற்காகப் பாயருக்கும் வாக்கருக்கும் 1997-ல் நோபல் பரிசு வந்தது.

இன்று வயிற்றுப்புண்ணுக்கு விழுங்கும் ஒமிப்ரசோல் மாத்திரையின் வேலையும் இரைப்பைச் சவ்வில் உள்ள ஒரு புரோட்டான் பம்பை நிறுத்துவதுதான். 1963-ல் அந்த மாத்திரை கிடையாது.

மிட்செல் 1992 ஏப்ரல் 10-ந் தேதி, 71-வது வயதில் காலமானார். அவருடைய ஆய்வுக்கூடத்தின் வேலை பின்னர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்கு மாறியது. ஜெனிஃபர் மாயில் 2016 வரை வாழ்ந்திருந்தார்.