அடுக்களையில் ஒரு தேசம்

பெருஞ்சீரகம் மணக்கும் பன்றியிறைச்சிச் சொசேஜ், சற்றே கசக்கும் கீரை, கோதுமை ரவையில் பிசைந்த பாஸ்தா ஆகிய மூன்றையும் சேர்த்துச் சமைப்பது தென்னித்தாலியக் கிராமங்களின் வழக்கம். கடுகினத்தைச் சேர்ந்த அக்கீரையை உப்பிட்ட கொதிநீரில் வேகவைத்து, அதே நீரிலே பாஸ்தாவையும் அவிப்பர். ஒலிவ் எண்ணெயில் உள்ளியும் செத்தல் மிளகாயும் தாளித்து, தோலுரித்து உதிர்த்த சொசேஜைச் சிவக்க வதக்கிக் கீரையையும் பாஸ்தாவையும் கூட்டுவர். பாஸ்தா வெந்த நீரில் ஓர் அகப்பை வார்த்தால் யாவும் ஒன்றோடொன்று இணங்கிவிடும்.

இத்தகைய எளிய உணவு ஒரு காலத்தில் கற்றோர் ஏட்டில் ஏறியதில்லை. செல்வர் விருந்துகளில் பிரெஞ்சுச் சமையலே கோலோச்சியது. வீட்டு அடுப்பும் எழுத்துக்குரிய பொருளே என இத்தாலியருக்கு உணர்த்திய பெல்லெகிறீனோ ஆட்டூசியை நான் இலக்கியவாதியென்றே மதிக்கிறேன்.

அவர் 1820 ஓகஸ்ட் 4ஆம் நாள் றொமாஞ்ஞாப் பகுதியிலுள்ள போளிம்பொப்போலி என்னும் சிற்றூரில் வணிகர் குடும்பத்திற் பிறந்தார். 1851 சனவரியில் அவ்வூர் நாடக அரங்கைக் கொள்ளைக்கூட்டமொன்று கைப்பற்றிச் செல்வர் வீடுகளைச் சூறையாடியது. ஆட்டூசியின் இல்லமும் தப்பவில்லை. அன்றைய கொடுமையால் அவர் தங்கை ஜெற்றூட் சித்தங் கலங்கி மனநோய் விடுதியை அடைந்தாள். குடும்பம் பிறந்த மண்ணைத் துறந்து புளோரன்சிற் குடியேறியது. அங்கே பட்டு வாணிகத்திற் பொருளீட்டிய ஆட்டூசி, ஏறத்தாழ நாற்பத்தைந்தாவது வயதில் தொழிலினின்றும் ஓய்ந்து நூல்களிடையே வாழலானார்.

கவிஞர் பொஸ்கோலோவின் வாழ்க்கை வரலாற்றை அவர் 1878இல் வெளியிட்டார். கவிஞர் ஜியூஸ்தியின் கடிதங்களுக்கு எழுதிய குறிப்புரை 1881இல் வந்தது. இரண்டையும் உலகம் பொருட்படுத்தவில்லை. பின்னர், எழுபதைக் கடந்த நிலையில், சமையற் கலை பற்றிய தம் நூலை 1891இல் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். பதிப்பாளர் எவரும் அதனை ஏற்க முன்வரவில்லை. தம் ஊர்ச் சந்தையொன்றிற் பரிசுச்சீட்டுக்கென அவர் அளித்த இரு பிரதிகளைப் பெற்றவர்கள், ஏளனஞ் செய்து புகையிலைக் கடைக்கு விற்றனராம்.

ஆயினும் நூல் மெல்ல மெல்லப் பரவியது. இல்லத்தரசியர் பல ஊர்களிலிருந்து தத்தம் செய்முறைகளைக் கடிதத்தில் அனுப்பினர். ஆட்டூசி அவற்றைத் தம் சமையலாளர் பிரான்செஸ்கோ றுப்பில்லி, பணிப்பெண் மரியெற்றா சபத்தீனி ஆகியோர் துணையோடு சோதித்துச் சேர்த்தார். 475 செய்முறைகளோடு தொடங்கிய நூல் இறுதியில் 790 செய்முறைகளாக விரிந்தது.

அதன் வெற்றிக்கு மொழியே தலையாய காரணம் என்பேன். 1861இல் இத்தாலி ஒரே அரசாயிற்று. மக்களோ பல வட்டார மொழிகளைப் பேசினர். சமையலறையிலும் பிரெஞ்சுச் சொற்களே மிகுந்திருந்தன. ஆட்டூசி புளோரன்சின் தெளிந்த நடையிலே, கதையும் நகையும் கலந்து, அண்டை வீட்டாரிடம் உரையாடுவதுபோல் எழுதினார். மன்சோனியின் புகழ்பெற்ற நாவலினும் இந்நூல் தேச ஒற்றுமைக்கு மிகுதியும் உதவியது என்று, 1970இல் அதனைப் பதிப்பித்த பியெறோ கம்பொறேசி கருதினார்.

எனினும் ஒரு குறையை மறைத்தலாகாது. அந்நூல் பெரும்பாலும் றொமாஞ்ஞா, தஸ்கனி ஆகிய நிலங்களின் நூலே. தென்னாட்டு உழவர் உணவுக்கு அதிற் கிடைத்த இடம் மிகச் சிறிது. கீரையும் சொசேஜும் கூடிய எளிய கலம் இன்று உலகோர் விரும்பும் உணவாயிற்றென்றால், அதற்குத் தெற்கத்திய ஏழைப் பெண்களின் கைகளே முதற் காரணம். வீட்டுச் சமையலுக்கு எழுத்துலகின் கதவைத் திறந்தமை ஆட்டூசியின் பங்கு.

மணஞ்செய்யாது வாழ்ந்த அவர் 1911 மார்ச் 30ஆம் நாள் மறைந்தார். நூலின் உரிமையைப் பிரான்செஸ்கோவுக்கும் மரியெற்றாவுக்கும் எழுதிவைத்தார். அடுப்படியில் உழைத்தோருக்கே ஏட்டின் பயனையும் உரித்தாக்கினார். மீந்த செல்வத்தையோ, தம் குடும்பம் துயரோடு நீங்கிய, தம் நூலை நகைத்த போளிம்பொப்போலிக்கே வழங்கினார். அவ்வூர் 2007இல் அவர் பெயரால் வீட்டுச் சமையலுக்கென ஓர் இல்லம் அமைத்தது.