ஐடா ஸ்கடர் அம்மையார்

நோயுற்றார்க்கு மருந்தளித்தல் நல்லறம். மருந்தளிப்போரை உருவாக்குதல் அதனினும் பெரிய அறம். இவ்விரண்டையும் தமிழ்நாட்டில் ஒருங்கே ஆற்றியவர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஆவர்.

இவர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவினின்று போந்து ஈண்டு மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். எனினும், சிறுவயதிலேயே பஞ்சத்தின் கொடுமையைக் கண்ட ஐடா, இந்நாட்டில் வாழ விரும்பவில்லை. அமெரிக்காவில் இனிது வாழவே எண்ணினார்.

நோயுற்ற தாயாரைப் பேணும்பொருட்டு ஒருமுறை அவர் திண்டிவனத்திற்கு வந்திருந்தார். அங்கே ஓரிரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர்தம் மனைவியரும் மகப்பேற்றுத் துன்பத்தில் உழன்றுகொண்டிருந்தனர். ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். தந்தையார் உடன்வர இசைந்தார். ஆனால் அயல் ஆடவர் தம் இல்லத்துப் பெண்டிர்க்கு மருத்துவம் செய்தல் முறையன்று எனக் கருதி, மூவரும் வறிதே மீண்டனர். பொழுது புலர்ந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அவ்விரவு ஐடாவின் உள்ளத்தை மாற்றியது. அவர் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரை அடைந்து தொண்டினைத் தொடங்கினார். 1902-இல் பெண்களுக்கென மருத்துவமனை ஒன்று எழுந்தது. நோயாளிகள் திரளாக வந்தனர். தாம் ஒருவரே எத்துணை உயிர்களைக் காத்தல் இயலும் என்று அம்மையார் எண்ணினார். கற்பித்தலே வழி எனத் தெளிந்தார். 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார்.

மருத்துவம் பயிலப் பெண்கள் முன்வருவரோ, வந்தாலும் தேர்வில் வெல்வரோ என்று மேலதிகாரிகள் ஐயுற்றனர். முதலாண்டுத் தேர்வில் ஆடவர் பலர் தவறினர்; வேலூர் மாணவியர் 14 பேரும் தேறினர். அம்மாணவியர் 1922-இல் மருத்துவர்களாக வெளிவந்தனர்.

பின்னர், பட்டப்படிப்பு இல்லாத மருத்துவப் பள்ளிகள் நிலைபெற இயலாத நிலை தோன்றியது. எழுபது வயதை எட்டிய அம்மையார் சோர்ந்திலர். அமெரிக்கா சென்று பொருள் திரட்டினார். 1942-இல் பட்டப்படிப்புத் தொடங்கியது. 1947-இல் ஆடவரும் சேர்க்கப் பெற்றனர்.

அம்மையார் 1960-இல் கொடைக்கானலில் இயற்கை எய்தினார். வேலூர்க் கல்லூரி இன்றும் மருத்துவர்களை உருவாக்கி வருகின்றது. மாணவர்களே! அன்று மூவர்க்கு உதவ இயலாமற்போன ஒருவர், உதவவல்லார் பலரை உலகிற்கு அளித்தார். பிறர் துன்பம் கண்டு வருந்துவதோடு அமையாது, அதனைத் தீர்க்கும் கல்வியைத் தேடிக் கற்றலும் கற்பித்தலும் நம் கடனாகும்.